சேர்த்து வைத்த முழங்கால்கள்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், அந்த எள்ளுமிட்டாய்க் கஜக் தட்டை நடுவில் தள்ளுங்கள். காலை மடக்கி உட்கார முடிந்தவர்கள் மடக்கி உட்காருங்கள். முடியாதவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம், இந்தக் கதையே உங்களுக்காகத்தான். ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. டில்லி துவாரகாவில் ஒரு முதல் மாடி ஃப்ளாட், அதில் ஒரு அம்மா, அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்கால்கள். இவ்வளவை வைத்துக்கொண்டு உங்களைச் சிரிக்கவும் வைக்கிறேன், நடுவில் ஓரிடத்தில் சும்மா இருக்கவும் வைக்கிறேன்.

அம்மாவின் பெயர் அனந்தலக்ஷ்மி. மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வுபெற்றவள். கணவர் சுந்தரேஷ் தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே பெண் மேதா, டில்லியிலேயே பிறந்து டில்லியிலேயே வளர்ந்தவள், குருகிராமில் வேலை. மேதாவுக்கு அர்விந்த் என்ற பையனோடு தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சாஸ்திரிகள் வந்து, காபி குடித்து, கல்யாண ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார். கூட சுந்தரேஷின் அண்ணா ராஜகோபாலனும், அவர் மனைவி ஹம்சாவும். ராஜகோபாலன் ஜாயின்ட் செகரட்டரியாக இருந்து ரிட்டயரானவர். ரிட்டயரானதை அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"அது சரி, தாலி கட்டறச்சே பொண்ணு யார் மடியில உக்காரப் போறா?" என்று சாஸ்திரிகள் கேட்டார்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. முகூர்த்த நேரத்தில் அப்பா மணையில் உட்காருவார், பெண் அவர் மடியில் உட்காருவாள், மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவான்.

"இதென்ன கேள்வி? பெரியப்பா நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே" என்றார் ராஜகோபாலன்.

"நான் அம்மா மடியிலதான் உக்காருவேன்" என்றாள் மேதா.

அனந்தலக்ஷ்மி கையிலிருந்த டபராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரேஷ் போனதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு: தூணுக்குப் பின்னால். யாரும் போகச் சொல்வதில்லை, அவளாகவே போய் நின்றுகொள்வாள். மடி என்று அவளிடம் ஒன்று இருக்கிறது, அதை மேடைக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கலாம் என்று அவளுக்கே அதுவரை தோன்றியதில்லை. இப்போது பெண் சொன்னதும் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு வேண்டும் என்றிருந்தது. சின்னக் குழந்தை பொம்மையைப் பார்த்துவிட்ட மாதிரி, அவ்வளவு வேண்டும் என்றிருந்தது.

சாஸ்திரிகள் தொண்டையைச் செருமினார். "தாரை வார்க்கறதைப் பெரியப்பா தம்பதி பண்ணட்டும். மடின்னு பார்த்தா, பெத்தவ மடியைவிட ஒசந்தது எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஆனா ஒண்ணு, கீழே மணையில உக்காரணும்."

"நாற்காலி போட்டுக்கப்படாதா?" என்று கேட்டாள் ஹம்சா.

"மாப்பிள்ளையைப் பார்த்திருக்கேளோல்லியோ? நாற்காலி மேலே மாமி, மாமி மேலே மேதா. மாப்பிள்ளைக்கு ஏணின்னா வேணும்" என்றார் சாஸ்திரிகள்.

அது உண்மைதான், கண்ணுகளா. அர்விந்த் தங்கமான பையன். உயரம் கொடுக்கும் வரிசையில் மட்டும் அவன் கடைசியில் நின்றுவிட்டான். மேதாவோ கதவு நிலையில் தலை இடிக்கிற ரகம். அவள் எடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கல்யாணமான பெண்.

சாஸ்திரத்தைப் பிடித்துத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ராஜகோபாலன் முழங்காலைப் பிடித்தார். "அனந்தா கீழே உக்காந்து நான் பார்த்ததே இல்லை. உக்காந்தா க்ரேன் வெச்சுத்தான் தூக்கணும். சம்பந்தி மனுஷா முன்னாடி ரசாபாசம் ஆகப்படாது. சொல்லிட்டேன்."

கடைசியில் சாஸ்திரிகள் ஒரு தீர்ப்புச் சொன்னார். மார்கழி முடிவதற்குள் மாமி கீழே உட்கார்ந்து, பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, தானாக எழுந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் பெரியப்பா மடி.

ராஜகோபாலன் பேச்சில் விஷம் இருந்தாலும் பொய் இல்லை. அனந்தலக்ஷ்மியின் முழங்கால்கள் ஒரு சேமிப்புத் திட்டத்தில் இருந்தன. சர்க்கார் உத்தியோகத்தில் ஈ.எல். என்று ஒரு லீவு உண்டு. எடுக்காமல் சேர்த்து வைத்தால், ரிட்டயராகும்போது பணமாகக் கொடுப்பார்கள். அனந்தலக்ஷ்மி ஜுரம் வந்தாலும் ஆபீஸ் போய், மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த லீவைச் சேர்த்தவள். அந்தப் பணத்தில்தான் மேதாவின் நகைகள் வந்தன. ஒரு தரம் பலித்த உபாயம் எல்லாவற்றுக்கும் பலிக்கும் என்று நினைப்பது மனித சுபாவம். முழங்காலில் முதல் முறை 'களுக்' என்று சத்தம் கேட்ட அன்று, இதையும் சேமிக்க வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்தாள். முழங்காலுக்கு ஒரு கோட்டா உண்டு, இப்போது செலவழித்தால் பின்னால் இருக்காது, மேதா கல்யாணத்துக்கு வேண்டும் என்று கணக்கு.

அதற்காக வீட்டையே மாற்றினாள். சுவாமி அலமாரி நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. வாசலில் கோலத்துக்குப் பதில் ஸ்டிக்கர் வந்தது. அடிச் செல்ஃபில் இருந்த பாத்திரங்கள் மேலே வந்தன. கீழே விழுந்த கடுகு விழுந்த இடத்திலேயே மரியாதையாகக் கிடந்தது. முதல் மாடிக்கு லிஃப்ட்! லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு ஆமை மாடி ஏறி இறங்கிவிடும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம் கொஞ்சம்தான், தொடையில் வலுவே இல்லை, தினமும் பயிற்சி செய்யுங்கள்" என்றார். அவள் கால்சியம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாஸ்திரிகள் வந்துபோன மறுநாள் மேதா ஆபீஸ் கிளம்பியதும், அனந்தலக்ஷ்மி கதவைத் தாழிட்டாள். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், இரண்டும். ஹால் நடுவில் ஒரு மணையைப் போட்டாள். இத்தனை வருடச் சேமிப்பை இன்று எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று, சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதி வழி வரை இறங்கினாள், மீதி வழி விழுந்தாள். ஆனால் சரியாக மணையில் விழுந்தாள், அடி ஒன்றும் இல்லை. "பரவாயில்லையே" என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பெருமை எழுந்திருக்கப் பார்க்கும் வரைதான்.

சோபாவைப் பிடித்தாள், அது மார்பிள் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. துரத்தினாள், இன்னும் ஓடியது. போன் டைனிங் டேபிள் மேல். குக்கர் வேறு விசில் அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வாசற்கதவு வரை போய், கீழ்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, மேல் தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள். நிலா மாதிரி இருந்தது அது.

எதிர் ஃப்ளாட்டில் தமிழ்செல்வி இருந்தாள். உசிலம்பட்டிப் பெண், ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து மேஜராக ஓய்வுபெற்றவள். குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. "செல்வி! செல்வி!" என்ற முனகல் கேட்டு வெளியே வந்தாள்.

"மாமி? என்ன ஆச்சு? கதவத் திறங்க."

"எழுந்துக்க முடியலே."

"அடி பட்டிருச்சா?"

"இல்லே. சும்மா உக்காந்தேன்."

"சும்மா உக்காந்தீங்களா! சரி, கதவத் திறந்தாத்தான நான் தூக்க முடியும்."

"எழுந்தாத்தானே கதவைத் திறக்க முடியும்!"

லிஃப்ட் கதவு திறந்தது. பால்கார பையா, மேல் மாடி சிங் தம்பதி, சொசைட்டி காவலாளி என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. கதவை உடைப்பதா என்று ஹிந்தியில் யோசனை நடந்தது. சிங்ஜி தன்னிடம் டிரில் மெஷின் இருப்பதாக ஆசையோடு சொன்னார்.

"ஒருத்தரும் ஒண்ணும் ஒடைக்க வேணாம்" என்று அதட்டிவிட்டு, தமிழ்செல்வி கதவிடுக்கில் வாயை வைத்தாள். "மாமி, நான் சொல்றதக் கேளுங்க. குப்புறத் திரும்புங்க. நாலு காலுல நில்லுங்க, மாடு மாதிரி."

"ஐயோ, வெளியிலே யாரெல்லாம் இருக்கா?"

"மாட்டப் பாக்காதவுக யாரும் இல்ல. திரும்புங்க! பக்கத்துல ஸ்டூல் இருக்கா? இழுத்துச் சுவத்தோட ஒட்டி வைங்க. ரெண்டு கையையும் அதுமேல ஊனுங்க. இப்ப ஒரு கால மட்டும் முன்னால வைங்க, பாதம் தரையில நல்லாப் பதியணும். வச்சாச்சா?"

"ஆச்சு."

"இப்ப அந்தக் கால அமுக்கி எந்திரிங்க. கையால எந்திரிக்காதீங்க, காலால எந்திரிங்க."

முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறை ஸ்டூல் ஆடியது. அதற்கடுத்த முறை உள்ளேயிருந்து "முருகா" என்று ஓர் அலறல், பின் மேல் தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு திறந்தது. தலை கலைந்து, புடவை கலைந்து, நெற்றியில் வியர்வையோடு அனந்தலக்ஷ்மி நின்றாள். சிங் அம்மா கைதட்டினாள். சிங்ஜி டிரில் மெஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கூட்டம் கலைந்ததும் தமிழ்செல்வி குக்கரை அணைத்துவிட்டு, டிகாக்ஷன் இருக்கிறதா என்று தானே பார்த்து, தானே காபி கலந்தாள். அனந்தலக்ஷ்மி அழுதுகொண்டே தன் சேமிப்புத் திட்டத்தைச் சொன்னாள். மடி விஷயத்தையும் சொன்னாள்.

தமிழ்செல்வி கேட்டுவிட்டு டம்ளரை வைத்தாள். "ஒடம்பு ஈ.எல். இல்ல மாமி. சி.எல். அந்தந்த வருசம் எடுக்காட்டி டிசம்பரோட செத்துப்போகும். நீங்க சேத்து வச்சதா நெனச்சிட்டு இருக்கிறது பூராவும் எப்பவோ காலாவதி."

சி.எல். வீணாவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அவளுக்கா தெரியாது?

"அதுக்காக இந்த வயசுல நான் தண்டால் எடுக்கணுமா? நான் என்ன ஒலிம்பிக்ஸுக்கா போகப்போறேன்?"

"ஒலிம்பிக்ஸ் போறவனுக்கு ஓடுறது வேலை. ஓடாட்டி மெடல் போகும், அம்புட்டுத்தான், வீட்டுக்கு வந்து சோறு திங்கலாம். ஒங்களுக்குக் கக்கூஸுல இருந்து எந்திரிக்கிறது வேலை. அது போச்சுன்னா என்னா செய்வீங்க? சொல்லுங்க, பயிற்சி அவனுக்கு வேணுமா, ஒங்களுக்கு வேணுமா?"

"அசிங்கமாப் பேசாதே."

"நான் முப்பது வருசம் ஆஸ்பத்திரியில இருந்தவ. பெரிய பெரிய ஆளுங்கள எல்லாம் நான் எந்திரிக்க வச்சிருக்கேன். கடைசியில எல்லாரும் கேக்குறது அது ஒண்ணத்தான் மாமி. தானா எந்திரிச்சுப் போயிட்டு வரணும்."

அனந்தலக்ஷ்மி சுவரிலிருந்த சுந்தரேஷின் படத்தைப் பார்த்தாள். அவரும் நிறையச் சேர்த்து வைத்தவர். காசி, பத்ரிநாத், மானசரோவர், எல்லாம் ரிட்டயரான பிறகு என்று வைத்திருந்தார். ரிட்டயராவதற்கு முன்பே, மெட்ரோ நிலையத்துப் படியில் பாதியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் படியைக் கண்டாலே லிஃப்டைத் தேடியதில் நியாயம் இருக்கிறதோ இல்லையோ, காரணம் இருக்கிறது.

"எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டாள்.

"ஒக்காந்திருக்கீங்கள்ல, எந்திரிங்க. ஆரம்பிச்சாச்சு."

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். ஏதோ கருவி, காலணி, நீல நிற உடுப்பு என்று நினைக்காதீர்கள். ஒரு டைனிங் நாற்காலி. அதில் உட்கார வேண்டும், கை வைக்காமல் எழுந்திருக்க வேண்டும். மறுபடி உட்கார வேண்டும், 'தொப்'பென்று விழாமல். கேட்பதற்கு ஒன்றுமில்லாத காரியம். நீங்களே நாளைக்குச் செய்து பாருங்கள், தொடை என்ற ஒன்று இருப்பது ஞாபகம் வரும். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்புவது, மாடிப்படியில் ஏறி இறங்குவது, பிறகு அந்த மாட்டு வித்தை. தமிழ்செல்வி காலையில் காய்கறி நறுக்கும் கத்தியோடு வந்து நிற்பாள், பார்க்கவே பயமாக இருக்கும்.

"வலிக்கறதுடி!"

"எங்க வலிக்குது? முட்டிக்குள்ள குத்துனா நிப்பாட்டுங்க. தொடை எரிஞ்சா எரியட்டும், இத்தன வருசம் தூங்குனது, எழுப்புனாக் கோவம் வரத்தான செய்யும்."

சில நாள் அனந்தலக்ஷ்மி ஏமாற்றப் பார்த்தாள். ஏகாதசி என்றாள், தலைவலி என்றாள், சர்க்கார் விடுமுறை என்று ஒரு நாள் சொன்னாள். "ரிட்டயர் ஆனவுகளுக்கு என்னா லீவு?" என்று தமிழ்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தீபாவளி வந்தது. டில்லியில் தீபாவளி முடிந்தால் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? வெளியே நடந்தால் நுரையீரல் போகும், உள்ளே உட்கார்ந்திருந்தால் கால் போகும். இதையே சாக்காக வைத்து ஊரில் பாதிப் பேர் நடையை நிறுத்தியிருந்தார்கள். ராஜகோபாலனும் பட்சணத்தோடு வந்து அதைத்தான் சொன்னார். "லோதி கார்டன் வாக்கிங் நின்னுபோச்சு, அனந்தா. அதான் ஒடம்பு கொஞ்சம் கனத்துடுத்து."

"வாக்கிங்காம்" என்றாள் ஹம்சா மிக்ஸரைக் கொறித்தபடி. "கார் கேட் வரைக்கும் போகும். கேட்லேர்ந்து பெஞ்சு. பெஞ்சுலேர்ந்து ஜிலேபிக்கடை. ஜிலேபி மட்டும்தான் அதுல சுத்தி சுத்தி வரும்."

"நீ சும்மா இரு. ஒரு ஒத்திகை பார்த்துடலாம். யார் மடி லாயக்குன்னு தெரிஞ்சுடும்" என்று ராஜகோபாலன் வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கீழ் ஃப்ளாட்டில் பட்டாசு என்று நினைத்திருப்பார்கள். மேதா வந்து உட்காரப் பார்த்தாள். இடம் தேடினாள். முன்பக்கம் முழுவதும் வயிறே உட்கார்ந்திருந்தது.

"பெரியப்பா, மடி எங்கே?"

"இருக்கு, இருக்கு, உக்காரு."

மேதா ஓரமாக உட்கார்ந்தாள், சறுக்கிக்கொண்டு தரைக்கு வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி வந்தாள். பார்க்கில் குழந்தைகளுக்குப் போட்டிருப்பார்களே, அந்தச் சறுக்குமரம்தான். ஹம்சா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"இது பட்டு வேஷ்டி, வழுக்கறது. கல்யாணத்தன்னிக்குப் பஞ்சகச்சம், பிடிப்பு இருக்கும்" என்றார் ராஜகோபாலன், இரண்டு பேர் தூக்கிவிட எழுந்தபடி. "எங்கே, இப்போ நீ உக்காரு அனந்தா!"

அனந்தலக்ஷ்மி உட்கார்ந்தாள். விழாமல், மெதுவாக. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மேதா வந்து மடியில் உட்கார்ந்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி. "அம்மாடி!" என்று கத்தி, அனந்தலக்ஷ்மி பெண்ணைத் தள்ளிவிட்டாள். கால் இரண்டும் மரத்துப்போய், முதுகு பின்னால் சாய்ந்து, கண்ணில் தண்ணீர்.

"சொன்னேனோல்லியோ" என்றார் ராஜகோபாலன். சந்தோஷமாகச் சொல்லவில்லை, பாவம், ஆனால் சொன்னார்.

அன்றைக்கு அனந்தலக்ஷ்மி அழவில்லை. எதிர் ஃப்ளாட்டுக் கதவைத் தட்டினாள். "எழுந்துக்க வந்துடுத்து, செல்வி. தாங்க வரலே. கனம் வேணும்."

அடுத்த நாளே இருவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய், பொன்னி அரிசிச் சாக்கு ஒன்றை வாங்கினார்கள். கடைக்காரர் வேண்டுமானால் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். "வேண்டாம், மடியிலேயே வெச்சுண்டு போறேன்" என்று அனந்தலக்ஷ்மி சொன்னதை அவர் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார். முதலில் கால் சாக்கு, பிறகு அரைச் சாக்கு, பிறகு முழுதும். பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி, மணையில் உட்கார்ந்திருக்கும் அவள் மடியில் தமிழ்செல்வி தூக்கி வைப்பாள். முதுகு நிமிர வேண்டும், மூச்சு விட வேண்டும். மூட்டைக்குத் தமிழ்செல்வி பெயரும் வைத்துவிட்டாள். வைத்த இடத்தில் இருக்கும், தானாக நகராது, ஆனால் கனமோ கனம் என்பதால், ஜாயின்ட் செகரட்டரி.

"மாமி, ஜாயின்ட் செகரட்டரியக் கட்டிப் பிடிங்க, சரியுறாரு பாருங்க."

"சிரிக்க வைக்காதே, பிராணன் போறது."

"சிரிங்க, சிரிங்க. சிரிக்கையிலயும் தாங்கணும். கல்யாண வீட்டுல எவனாச்சும் சிரிக்க வச்சே தீருவான்."

மார்கழிக் கடைசியில், ராஜகோபாலனும் சாஸ்திரிகளும் பார்த்திருக்க, அனந்தலக்ஷ்மி மணையில் உட்கார்ந்து, மேதாவை மடியில் வைத்து, கொஞ்ச நேரம் தாங்கி, அவள் இறங்கியதும் ஒரு முழங்காலில் கை ஊன்றித் தானாக எழுந்தாள். அழகாக எழுந்தாள் என்று சொல்ல மாட்டேன். எழுந்தாள்.

"பேஷ்" என்றார் சாஸ்திரிகள். "கெட்டிமேளம் தட்டினா ஒரு நிமிஷம். முடிஞ்சது காரியம்."

ஒரு நிமிஷம்! கண்ணுகளா, கல்யாணத்தில் எதுவாவது ஒரு நிமிஷத்தில் முடிந்து பார்த்திருக்கிறீர்களா?

தை மாதத்து முகூர்த்தம், ஆர்.கே. புரத்தில் ஒரு மண்டபம். வெளியே எதிரில் நிற்பவர் தெரியாத மூடுபனி. மேடையில் அனந்தலக்ஷ்மி மணையில் உட்கார்ந்தாள். பின்வரிசையில் சில பேர் காதைக் கடித்துக்கொண்டார்கள், கடிக்கட்டும். ராஜகோபாலன் பஞ்சகச்சத்தோடு அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, அவசரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். மேதா மடியில் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. அர்விந்த் நுனிக்காலில் எல்லாம் நிற்காமலே முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். மீதி இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டும்.

நாத்தனார் ஸ்வப்னா வந்தாள். தங்க நிறத்தில், கல் பதித்து, விரலைவிட நீளமாக நகம் ஒட்டிக்கொண்டு வந்தாள். அந்த நகத்தால் போனைத் திறக்க முடியும், பூரியைக்கூட ஒருமாதிரி பிய்க்க முடியும். மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போட முடியுமா? கயிறு நகத்துக்கு நடுவில் நழுவியது. பிடித்தாள், நழுவியது.

"ஜல்தி பண்ணும்மா, இன்னொரு முகூர்த்தம் இருக்கு நேக்கு" என்றார் சாஸ்திரிகள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி ஊதிக்கொண்டிருந்தார். போட்டோக்கார பையா வேறு, "ஆன்ட்டிஜி, தோடா ஸ்மைல்" என்று கொஞ்சம் சிரிக்கச் சொன்னான்.

எல்லாம் அனந்தலக்ஷ்மியின் மூக்குக்கு முன்னால் நடக்கிறது. அந்த நகம் ஒன்று அவள் கன்னத்தில் குத்துகிறது. தொடை எரிய ஆரம்பித்துவிட்டது.

"வலது நுனியை உள்ளே விடும்மா... உள்ளே... அது என் மூக்குத்தி, விடு."

"ஸாரி ஆன்ட்டி, ஸாரி."

"அனந்தா, நான் பின்னாலேர்ந்து பிடிச்சுக்கட்டுமா?" என்று ராஜகோபாலன் குனிந்தார்.

"தொடாதீங்கோ அண்ணா."

இரண்டாம் முடிச்சு விழுந்தது. மூன்றாவதற்கு ஸ்வப்னா ஆரம்பித்தபோதுதான் அனந்தலக்ஷ்மிக்கு ஒன்று தோன்றியது. எரிச்சல் இருக்கிறது, சரி. ஆனால் கனம் போதவில்லையே. அரிசி மூட்டை இதைவிடக் கனமாக இருந்ததே. மேதாவின் இடுப்பைச் சுற்றியிருந்த கையை மெல்ல இறக்கிப் பார்த்தாள். பெண்ணின் தொடை கல்லாக விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. தாங்குவாளோ மாட்டாளோ என்று, பாவிப்பெண், உட்கார்ந்த மாதிரி இருந்துகொண்டு, பாதி எடையைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்றே?" என்று காதோடு கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே."

"பொய் சொல்லாதே. முழுசா உக்காரு."

"அம்மா, ரஹ்னே தோ, விடு. நீ தாங்க மாட்டே."

"மேதா. முழுசா உக்காருன்னேன்."

பிறகு மேதா மூச்சை விட்டாள். தோள் தளர்ந்தது, கால் தளர்ந்தது, முதுகு வந்து அம்மாவின் மார்பில் சாய்ந்தது. முழு கனமும் வந்து இறங்கியது. பள்ளிக்கூட பஸ்ஸில் தூங்கிவிட்டு, இறக்கி எடுக்கும்போது தோளில் விழுமே, அந்தக் கனம். எத்தனை வருடம் ஆயிற்று அது கிடைத்து! அனந்தலக்ஷ்மி பாதத்தைத் தரையில் அழுத்தினாள், முதுகை நிமிர்த்தினாள், பெண்ணைச் சுற்றிக் கையை இறுக்கினாள். தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்வப்னாவின் நகம் ஒன்று ஒடிந்து, பறந்து, அட்சதைத் தட்டில் விழுந்தது. நகம் போன விரல் சுதந்திரமாகிவிட்டது, மூன்றாம் முடிச்சைப் பளிச்சென்று போட்டது. எல்லோரும் அட்சதை தூவினார்கள். அந்த நகத்தையும் யாரோ சேர்த்துத் தூவியிருக்க வேண்டும், மத்தியானம் அர்விந்தின் தலைப்பாகையில் இருந்தது.

"ஏக் பார் ஃபிர்ஸே!" என்றான் போட்டோக்காரன். கயிற்றைப் பிடித்த மாதிரி இன்னொரு தடவை வேண்டுமாம். மேதா பதறி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எடுக்கட்டும். நீ உக்காரு" என்றாள் அனந்தலக்ஷ்மி.

எல்லாம் முடிந்து மேதா இறங்கினாள். மாப்பிள்ளை கையைப் பிடித்தான், மேளம் மாறியது, கூட்டம் முழுவதும் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. ராஜகோபாலன் முன்னே போய் நின்று போட்டோவுக்குச் சிரித்தார். அனந்தலக்ஷ்மி மணையில் தனியாக இருந்தாள். திரும்பினாள், ஒரு பாதத்தை முன்னால் பதித்தாள், அதை அமுக்கி எழுந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தது ஒரே ஒருத்தி, மேடைக்குக் கீழே கையில் போண்டாவோடு நின்றிருந்த தமிழ்செல்வி.

"எந்திரிக்கையில முதுகு வளஞ்சிருச்சு மாமி" என்றாள் வாயில் போண்டாவோடு. "நாளைக்கிக் காலையில வந்துருங்க."

"நாளைக்குக் கட்டுச்சாதம் கட்டணும்டி, சம்பந்தியெல்லாம் இருப்பா."

"அப்பச் சாயங்காலம்."

அவ்வளவுதான் கதை, என் செல்லங்களா. உங்கள் வீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எழுந்திருக்கட்டும். எழுந்தவர்கள் ஆசைப்பட்ட இடத்துக்குத் தங்கள் காலாலேயே போய் வரட்டும். உங்கள் படிகள் எல்லாம் ஏறும்படியாக இருக்கட்டும், மூச்சு எல்லாம் மிச்சத்தோடு இருக்கட்டும். உங்கள் பெண்களும் பிள்ளைகளும், அவர்களுக்குப் பிறக்கப்போகிறவர்களும், முழுக் கனத்தோடு வந்து உட்கார உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு மடி இருக்கட்டும்.